ரிக்குக்குத் தண்ணீர் கொண்டு போனவர்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பைக்கு மேற்கே அரபிக்கடலில் உள்ள பம்பாய் ஹை எண்ணெய் வயலில் உற்பத்தி தொடங்கி ஐம்பது ஆண்டுகள் நிறைவதையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1974 பிப்ரவரியில் சாகர் சாம்ராட் ரிக், அதாவது கடலில் எண்ணெய்க் கிணறு துளையிடும் மேடை, அங்கே முதன்முதலில் எண்ணெய் கண்டதிலிருந்து 1976 மே மாதம் உற்பத்தி தொடங்கியது வரை, அந்தக் காலத்துப் புவியியலாளர்களும் பொறியாளர்களும் பட்ட பாட்டைக் கட்டுரையாளர் அக்கறையோடு எழுதியிருக்கிறார்; அவருக்கு என் நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவில், ரிக்கில் இருந்தவர்களுக்கு வேண்டிய யாவும் ஹெலிகாப்டரில் சென்று சேர்ந்தன என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்காகவே இந்த நீண்ட கடிதத்தை எழுதுகிறேன்.

ஹெலிகாப்டரில் ஆட்கள் போவார்கள், தபால் போகும், அவசரத்துக்கு ஒரு சிறு உதிரிபாகம் போகும். துளையிடும் குழாய்களும், கிணற்றுக்குள் இறக்கும் கேசிங் குழாய்களும், டன் கணக்கில் சிமெண்டும், டீசலும், குடிக்கவும் குளிக்கவும் துளையிடவும் வேண்டிய தண்ணீரும், அரிசி மூட்டையும் கடல் வழியாகத்தான் போயின, இன்றும் போகின்றன. அவற்றைக் கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். திருவொற்றியூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற போசன், அதாவது கப்பல் தளத்து மாலுமிகளின் மேற்பார்வையாளன். 1980 முதல் 2016 வரை வணிகக் கப்பல் துறையில் வேலை பார்த்தேன். அதில் நான்கு ஆண்டுகள் மட்டுமே சரக்குக் கப்பல்களில் கழிந்தன. மீதிக் காலம் முழுவதும் எண்ணெய் ரிக்குகளுக்கும், கடலில் நிலையாக நிற்கும் உற்பத்தி மேடைகளான பிளாட்பாரங்களுக்கும் துணையாக ஓடும் ஆதரவுக் கப்பல்களில் கழிந்தது. தாள்களில் அவற்றுக்குப் பல பெயர்கள் உண்டு. எங்களுக்கு அவை என்றும் சப்ளை போட்தான்.

பார்த்திராதவர்களுக்காக அதன் உருவத்தைச் சொல்கிறேன். சாதாரணச் சரக்குக் கப்பலில் மாலுமிகள் தங்கும் இடமும் சுக்கான் அறையும் பின்னால் இருக்கும்; சப்ளை போட்டில் அவை முன்முனையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பின்னால் பாதிக்கு மேல் வெறும் தளம், மரப்பலகை பாவியது, கடல் மட்டத்துக்கு மிக அருகில். தளத்துக்குக் கீழே தண்ணீர்த் தொட்டிகள், டீசல் தொட்டிகள், சிமெண்டையும், துளையிடும் சேற்றுக் கலவைக்கு எடை கூட்டும் பாரைட் என்ற கனிமத்தையும் தூளாகவே நிரப்பிக் காற்றழுத்தத்தால் குழாய் வழியே மேலே தள்ளும் உருளைத் தொட்டிகள். 1955-இல் மெக்சிகோ வளைகுடாவுக்காக அமெரிக்காவில் கட்டப்பட்ட எப் டைடு என்ற போட்டிலிருந்து இந்த அமைப்பு தொடங்கியது. அதற்கு முன் இறால் பிடிக்கும் படகுகளையும் உலகப்போரில் மிஞ்சிய பழைய கலங்களையும் வைத்துச் சமாளித்தார்கள். பின் தளம் தாழ்ந்திருப்பதால் சரக்கை இறக்குவது எளிது. அதே காரணத்தால் கடலும் எளிதாக ஏறி வரும்.

1983 ஜூலையில் ஓர் இரவு. பம்பாயில் தண்ணீரும் டீசலும் ஏற்றிக்கொண்டு, கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எண்ணெய் வயலுக்குப் போயிருந்தோம். தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருந்தது. இரண்டு நாட்களாக ரிக்கை நெருங்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தோம். மூன்றாம் நாள் இரவில் ரேடியோவில் அழைப்பு வந்தது. குடிதண்ணீர் தீரப்போகிறது, வர முடியுமா என்று கேட்டார்கள். கேப்டன் சற்று நேரம் பேசாமல் நின்றார், பிறகு தளத்து மாலுமிகளின் தலைவரான செராங்கைக் கூப்பிட்டு இரண்டு பேரைக் கேட்டார். இருவரில் ஒருவனாக நான் பின் தளத்துக்குப் போனேன்.

கேப்டன் சுக்கான் அறையின் பின்புறச் சன்னலில், போட்டின் முன்முனைக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு என்ஜின்களின் கைப்பிடிகளையும் மாற்றி மாற்றி அசைத்து, போட்டின் பின்முனையை ரிக்கின் கால்களிலிருந்து பதினைந்து மீட்டர் தூரத்தில் நிறுத்தி வைத்திருந்தார். கயிறு கட்டவில்லை, நங்கூரம் போடவில்லை. அவருடைய இரண்டு கைகள் மட்டுமே எங்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. மேலே இருந்து கிரேன் ரப்பர் குழாயை இறக்கியது. அலை போட்டைத் தூக்கும்போது குழாயின் முனை எங்கள் மார்புக்கு வரும், இறக்கும்போது தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில் தொங்கும். மார்புக்கு வரும் அந்த ஒரு நொடியில் பிடித்து, கைப்பிடிச் சுவரில் கயிற்றால் கட்டி, இணைப்பை முடுக்க வேண்டும். கட்டிய கயிற்றின் பக்கத்தில் ஒரு கோடரி எப்போதும் இருக்கும். போட் விலகினால் முடிச்சை அவிழ்க்க நேரமிருக்காது. கயிற்றை வெட்டிவிட வேண்டும்.

நான்கு மணி நேரம் தண்ணீர் ஏறியது. நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கூட்டாளி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரிய அலை வரும்போது அவன் "தண்ணி!" என்று கத்துவான், இருவரும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொள்வோம், இடுப்புக்கு மேல் நீர் ஏறி, தளம் முழுவதும் வெளுத்து, பக்கத் துளைகள் வழியாக இறைந்து போகும். எரிவாயுவை எரிக்கும் தீக்கொழுந்தின் வெளிச்சம் தொலைவிலிருந்து நீரின்மேல் செம்மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரவில் நின்றால் மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து அதே நிறத்தில் தெரிகிறது. என் மனைவி அதை மணலி என்கிறாள். எனக்கு அது முதலில் அந்த இரவாகத் தெரிந்து, அதன் பிறகே மணலியாகிறது.

குழாயைக் கழற்றிய பின் ரிக்கின் விளிம்பில் யாரோ ஒருவர் கை விளக்கை மூன்று முறை அசைத்தார். யார் என்று தெரியாது. முகத்தைப் பார்த்ததில்லை. அந்த வேலையில் பெரும்பாலும் அப்படித்தான். நாங்கள் மேலே இருப்பவர்களின் பூட்ஸ் அடியைப் பார்ப்போம், அவர்கள் எங்கள் தலைக்கவசத்தின் உச்சியைப் பார்ப்பார்கள்.

ஹெலிகாப்டர் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் இன்னொரு திருத்தமும் தேவை. மழையிலும் மேகத்திலும் ஹெலிகாப்டர் பறக்காத நாட்களில் ஆட்களும் போட்டில்தான் வந்தார்கள். வந்தவர்களைக் கிரேன் கூடையில் ஏற்றி மேலே அனுப்பினோம். கூடை என்றால் உள்ளே உட்கார்ந்து போகும் கூடை அன்று. கீழே ஒரு வட்டத் தட்டு, அதிலிருந்து மேலே கூம்பாகக் குவியும் கயிற்று வலை. பையை உள்ளே போட்டுவிட்டு, ஆள் வலைக்கு வெளியே தட்டின் விளிம்பில் நின்று வலையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருமுறை மதுரைப் பக்கத்து இளம் பொறியாளர் ஒருவர், முதல் தடவையாக வந்தவர், கூடையைப் பார்த்ததும் கால் நகராமல் நின்றுவிட்டார். காசிமேட்டைச் சேர்ந்த எங்கள் செராங் அவர் தோளில் கை வைத்து, "தம்பி, வலையை உங்க அம்மாவைக் கட்டிக்கிற மாதிரி கட்டிக்குங்க. முழங்காலை லேசா மடக்கிக்குங்க. கீழே பார்க்காதீங்க, எதிரே நிக்கிறவர் மூஞ்சியைப் பாருங்க" என்றார். எதிரே நிற்க வேறு ஆள் இல்லாததால் செராங்கே எதிர்ப்பக்கம் ஏறி நின்று, அவரோடு முப்பது மீட்டர் மேலே போய், அவரை இறக்கிவிட்டு, வெறும் கூடையில் தனியாகத் திரும்பி வந்தார். அலையின் உச்சியில் தூக்க வேண்டும், அலையின் உச்சியிலேயே இறக்க வேண்டும். கிரேன் இயக்குபவர் ஒரு நொடி தவறினால், தளம் கீழிருந்து எழும்பி வந்து கூடையில் மோதும். செராங் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பொறியாளர் எங்கிருந்தாலும் அந்த முகத்தை மறந்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கடுமை மட்டுமே இருந்ததாக எழுதினால் அது உண்மையாகாது. ரிக்கின் விளக்கொளிக்கு மீன் கூடும். காற்றில்லாத இரவுகளில் தூண்டில் போட்டுப் பாரையும் வஞ்சிரமும் பிடிப்போம். நல்ல மீனாகப் பார்த்து நாலைந்தை ஒரு சாக்கில் கட்டிக் கிரேன் கொக்கியில் மாட்டிவிட்டால், அதே கொக்கியில் மூன்று நாள் பழைய செய்தித்தாள்களும், சில சமயம் ஐஸ்கிரீமும் இறங்கி வரும். அப்படி வந்த ஒரு கட்டில் ஒருமுறை தமிழ் நாளிதழ் ஒன்று இருந்தது. நாங்கள் மூன்று தமிழர்கள், விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல், ஒருவர் படிக்க மற்றவர் கேட்டோம்.

பிறகு வளைகுடா நாடுகள். அபுதாபிக்கு அப்பால் ஜக்கும் வயல், சவுதிக் கரையில் சஃபானியா. ஷமால் என்னும் வடமேற்குக் காற்றும் வெயிலும் வேறு வகைத் துன்பம், வேலை ஒன்றேதான். 2009-இல் கிருஷ்ணா கோதாவரிப் படுகைக்காகக் காக்கிநாடா வந்தபோது, துணைக்கோள் உதவியோடு கணினியே போட்டை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் முறை வந்துவிட்டது. ரிக்கின் அருகில் கேப்டன் கைப்பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டுத் தேநீர் குடிப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன். 1983-ஆம் ஆண்டுக் கேப்டனின் கைகள் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன.

இனி எழுதப்போவது என் மனத்தில் நெடுநாளாகக் கனக்கும் செய்தி. மிதக்கும் ரிக்குகளை ஓரிடத்தில் நிறுத்த நாற்புறமும் நங்கூரங்கள் இடுவார்கள். பத்து டன்னுக்கும் மேல் எடையுள்ள அந்த நங்கூரங்களைக் கொண்டுபோய்ப் போடுவதும், ரிக் இடம் மாறும்போது மறுபடி பிடுங்கி எடுப்பதும் ஆங்கர் போட்டின் வேலை. நங்கூரம் இருக்கும் இடத்தைக் காட்டும் போயா என்ற மிதவையைக் கயிறு வீசிப் பிடித்துத் தளத்துக்கு இழுத்து, அதன் கீழுள்ள இரும்பு வயரைக் கொக்கியால் நிறுத்தி, எங்கள் வின்ச் என்ற இழுவை இயந்திரத்தின் வயரோடு ஷேக்கிள் என்ற இரும்பு வளையம் போட்டு இணைக்க வேண்டும். அந்த வயருக்கு மறுமுனையில் கடலடிச் சேற்றில் புதைந்த நங்கூரம், இந்த முனையில் அலையில் ஏறி இறங்கும் போட், நடுவே நாங்கள். 1991-இல் அப்படியொரு வேலையில், நிறுத்திய கொக்கி விட்டுப்போய் வயர் துள்ளியது. என் நண்பனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. துணியால் இறுக்கிக் கட்டி, அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, பதினொரு மணி நேரம் கரைக்கு வந்தோம். அந்த நேரத்தில் அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, இனி முடிச்சுப் போட வருமா?"

நிறுவனத்தின் பெயரை எழுத விரும்பவில்லை. அது இன்று இல்லை. மருத்துவச் செலவைக் கொடுத்தார்கள். ஆனால் அவனுடைய சி.டி.சி. புத்தகத்தில், அதாவது ஒவ்வொரு மாலுமியும் வாழ்நாள் முழுதும் காத்து வைக்கும் அந்தப் பணிப் பதிவுப் புத்தகத்தில், ஒப்பந்தம் முடிந்து இறங்கினான் என்ற முத்திரை மட்டுமே விழுந்தது. கப்பலின் பெயர், டன்னேஜ் என்கிற கப்பலின் அளவு, ஏறிய நாள், இறங்கிய நாள். விரல்களுக்கு அதில் கட்டம் இல்லை. இன்று காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறான், இடது கையால். அந்த விபத்து நடந்தது என்பதற்கு அவன் கையையும் என் நினைவையும் தவிர வேறு சான்று கிடையாது.

சில விபத்துகள் அளவில் பெரியவை என்பதால் பதிவாயின. 2005 ஜூலை 26 அன்று மும்பை மழையில் மூழ்கியதை எல்லோரும் அறிவார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மறுநாள் பம்பாய் ஹையில் சமுத்ர சுரக்ஷா என்ற ஆதரவுக் கப்பலின் சமையல்காரருக்கு விரல் வெட்டுப்பட்டு, ஹெலிகாப்டர் வர இயலாத நிலையில், அவரைக் கூடையில் பிளாட்பாரத்துக்கு ஏற்றினார்கள். ஏற்றிய பிறகு அலை கப்பலைத் தள்ளியது. கப்பல், எண்ணெயும் எரிவாயுவும் வரும் குழாயில் மோதியது. இரண்டு மணி நேரத்தில் பிளாட்பாரம் எரிந்து விழுந்தது. 22 பேர் இறந்தார்கள். நான் அப்போது விடுமுறையில் வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் தீயைப் பார்த்தார்கள். நானோ அந்த அலையைப் பார்த்தேன், என் கைகள் தாமாகவே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டன. 1988 ஜூலை 6 இரவு வட கடலில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய் பிளாட்பாரம் எரிந்தபோது இறந்த 167 பேரில் இருவர், ஓர் ஆதரவுக் கப்பலின் சிறு மீட்புப் படகில் ஆட்களைக் காப்பாற்றத் தீக்கு அடியில் போனவர்கள். 2021 மே மாதம் டவ்தே புயலில், எண்ணெய் வயல் தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 என்ற மிதவைக் கலம் மூழ்கியபோதும், கடற்படைக் கப்பல்களோடு சப்ளை போட்டுகளும் அந்தக் கடலில் ஆட்களைத் தேடின.

இவ்வளவும் இருந்தும் எங்கள் பகுதியிலேயே இந்த வேலையை அறிந்தவர் மிகச் சிலர். கப்பலில் வேலை என்றதும், எந்தெந்த நாடு போனீர்கள் என்று கேட்பார்கள். எந்த ஊரிலும் இறங்கவில்லை, நடுக்கடலில் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தோம் என்று சொன்னால், கேட்டவருக்கு அடுத்த கேள்வி வராது. எங்கள் பிள்ளைகளும் அதற்கு மேல் கேட்டதில்லை. பெரிய சரக்குக் கப்பலில் வேலை கேட்டுப் போன இடத்தில், என் சி.டி.சி.யைப் புரட்டிய அலுவலர் ஒருவர், "எல்லாம் சின்ன டன்னேஜ்" என்று சொல்லி மூடி வைத்தார். ஓய்வூதியம் பற்றிய எங்கள் குறைகள் வேறு கடிதத்துக்குரியவை; இங்கே அவற்றை எழுதவில்லை.

வடசென்னைக்கு இந்த மறதி புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் எழும்வரை சென்னையில் கப்பல் கரையை அணைய முடியாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில், அலை உடையும் இடத்தைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கொண்டு போனவர்கள் இந்தப் பகுதிப் படகோட்டிகள். வந்திறங்கிய ஆங்கிலேயர்கள் அந்த அலையைப் பற்றியும் தங்கள் அச்சத்தைப் பற்றியும் நிறைய எழுதினார்கள். துடுப்புப் போட்டவர்கள் எழுதி வைக்கவில்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. ராயபுரத்தில் அவர்கள் கட்டிய இராயப்பர் ஆலயம் மட்டும் நிற்கிறது. கடலில் நிற்கும் பெரியதொன்றுக்கும் கரைக்கும் நடுவே சிறு கலத்தில் போய் வருவது இந்தக் கரையின் தொழிலாகவே இருந்திருக்கிறது. நாங்கள் அதை இரும்புப் படகில் செய்தோம். சாகர் சாம்ராட்டின் படம் ஒரு ரூபாய் நோட்டின் பின்புறத்தில் அச்சாகி நாடெங்கும் கைமாறியது. அந்த ரிக்குக்குத் தண்ணீர் கொண்டுபோன போட்டுகளில் இருந்தவர்களில் யாரேனும் இன்று இருந்தால், எண்பதை நெருங்கியிருப்பார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பிரிட்டனில் அபர்தீன் பல்கலைக்கழகமும் பிரித்தானிய நூலகமும் சேர்ந்து, வட கடல் எண்ணெய்த் தொழிலில் இருந்தவர்களை உட்கார வைத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே ஒலிப்பதிவு செய்து பாதுகாத்து வருகின்றன. நமக்கு உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கடல் படிப்புப் படிக்கும் மாணவர்களில் நான்கு பேர், விடுமுறை நாட்களில் ஒரு கைப்பேசியோடு ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வந்தால் போதும். பேசச் சொன்னால் முதலில் கூச்சப்படுவார்கள். குழாயை எப்படிக் கட்டுவீர்கள், கூடையில் ஆளை எப்படி ஏற்றுவீர்கள் என்று வேலையைக் கேட்டால் கை தானாக எழுந்து காட்டத் தொடங்கும். அதன் பிறகு நிறுத்துவதுதான் கடினம். தங்கள் நாளிதழும் வாரத்துக்கு ஒரு முறை அரைப் பக்கம் ஒதுக்கினால், வாசகர்களில் எத்தனை வீடுகளில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பது தெரிய வரும். கட்டுரையாளர் தம் கட்டுரையை நூலாக்கும் எண்ணம் வைத்திருந்தால், அந்த ஹெலிகாப்டர் வரியைத் திருத்திவிடுமாறும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்து எங்கள் பகுதியில் சப்ளை போட்டில் வேலை பார்த்தவர்கள் பதினொரு பேர் இருந்தோம். கடந்த மூன்று ஆண்டுகளில் நான்கு பேர் காலமாகிவிட்டார்கள், அவர்களில் ஒருவர், 1983 ஜூலை இரவில் என் பக்கத்தில் நின்று "தண்ணி!" என்று கத்தியவர். மீதியுள்ளவர்களின் வீடுகளுக்கு, வருகிறவர்களை நானே அழைத்துச் செல்கிறேன். போட்டுகளின் பெயர்களும், ரிக் எண்களும், காற்றின் நிலையும் குறித்து வைத்த என் ஒன்பது நோட்டுப் புத்தகங்களைப் பார்வைக்குத் தருகிறேன். என்ஜின் அறையில் முப்பது ஆண்டுகள் இருந்த நண்பர் ஒருவருக்குக் காது ஏறக்குறைய கேட்பதில்லை. கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு, காலை பத்து மணிக்கு முன் வந்தால் அவர் நன்றாகப் பேசுவார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற போசன்,
திருவொற்றியூர், சென்னை 600 019